வெயிலில் வெந்து, விழாத் தேதி தாண்டி வந்த கண் சொட்டு மருந்து: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: பள்ளத்தூரில் வசிக்கும் தங்கள் வாடிக்கையாளர் (பெயரும் கைபேசி எண்ணும் தங்கள் பதிவில் உள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலிமைத் தொய்வுக்கான 0.1 சதவீத ஆக்ஸிமெட்டாசோலின் கண் சொட்டு மருந்தை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி, மார்ச் மாதத் தொடக்கத்தில் என்னிடம் 34,500 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டீர்கள். பதினொரு முறை தொலைபேசியில் பேசி, நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பி, மதுரைக் கிளைக்கும் ஒருமுறை அலைந்து, இனிப் பேசத் தெம்பில்லை என்ற நிலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கண்புரை அறுவைக்குப் பிறகு என் வலக்கண்ணின் மேலிமை பாதிக் கருவிழியை மூடும் அளவுக்கு இறங்கிவிட்டது. நான் ஓலைக்கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னுகிறவள். குனிந்து பின்னும்போது இமை இன்னும் இறங்குவதால், புருவத்தைத் தூக்கித் தூக்கி மாலைக்குள் நெற்றி வலி வந்துவிடும். இமையைத் தூக்கும் தசைநார் தளர்ந்ததுதான் காரணம், தசைக்களைப்பு நோயோ நரம்புக் கோளாறோ இல்லை என்பதைக் கண் மருத்துவர் சோதித்து உறுதிசெய்து, இரத்த அழுத்தத்தையும் கண் அழுத்தத்தையும் பார்த்த பிறகே இந்த மருந்தை எழுதிக்கொடுத்தார். நாளொன்றுக்கு ஒரு சொட்டு. இமை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரும், அதுவும் சில மணி நேரத்துக்குத்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்தச் சில மணி நேரமே போதுமாக இருந்தது, ஏனென்றால் வைகாசி முதல் வாரத்தில் என் கணவரின் அறுபதாம் ஆண்டுச் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) எங்கள் வீட்டு வளவில் நடக்கவிருந்தது. இந்தத் தேதியைப் பணம் கட்டிய நாளிலேயே எழுத்தில் தெரிவித்திருந்தேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னால் பொறுக்க முடியாதது ஏப்ரல் இறுதியில் தங்கள் ஊழியர் ஒருவர் சொன்ன சொல். மருந்து எங்கே என்று கேட்டதற்கு, "ஏம்மா, மூக்குல விடுற சொட்டு மருந்தும் இதே சரக்குதான், கடையில வாங்கிக் கண்ணுல ஊத்திக்க, எதுக்கு இத்தனை தடவை போன் பண்ணி உயிரை எடுக்குற" என்றார். மருந்தின் பெயர் ஒன்று என்பதற்காக மூக்குக்கான 0.05 சதவீதக் கரைசலைக் கண்ணில் விடலாமா? அது கண்ணுக்கென்று கிருமி நீக்கிச் செய்ததா? அதில் சேர்க்கும் பதப்படுத்தும் பொருளைக் கண் தாங்குமா? தாங்கள் விற்கும் பொருளைப் பற்றித் தங்களுக்கே இது தெரியாமல் இராது. என் இடத்தில் விவரம் தெரியாத ஒருவர் இருந்திருந்தால் அன்றே ஊற்றிக்கொண்டிருப்பார். புது மருந்து, எங்களிடம் விவரம் இல்லை என்று அவருக்கு மேலிருந்தவர் சமாளித்தார். 2020 ஜூலையிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த மருந்து இது.

மதுரைக்கு அலைந்தது அதற்கு முன்பு. சொந்த உபயோகத்துக்கான இறக்குமதி அனுமதிக்கு 12ஏ படிவத்தை நானே நிரப்பி, 12பி அனுமதியையும் வாங்கி, நியாயமான அளவுதான் அனுமதிக்கப்படும் என்பதால் 60 குப்பிகள் மட்டுமே கேட்டிருந்தேன். அசலைக் காட்ட வேண்டும் என்று தாங்கள்தான் அழைத்தீர்கள். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பேருந்தில் வந்து, காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை காத்திருந்த என்னிடம், இதையெல்லாம் சென்னையில்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

பெட்டி வந்தது சாந்தி முடிந்த மூன்றாம் நாள். 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்க, அக்னி நட்சத்திரத்தில், காரைக்குடிக் கூரியர் கிடங்கின் தகரக் கூரையின் கீழ் அது நான்கு நாள் கிடந்ததாக அங்கிருந்தவரே ஒப்புக்கொண்டார். விழா நடந்த அன்று அரை மணி தூரத்தில்தான் அது இருந்திருக்கிறது! பங்காளிகள் எல்லாரும் கூடிய அந்த நாளின் ஒரு படத்திலாவது என் இரு கண்களும் ஒன்றுபோல் இல்லை. அந்த நாள் திரும்பி வராது. என் ஆயுளில் பாதியைத் தாங்கள் எடுத்துக்கொண்டதாகவே நினைக்கிறேன்.

தங்கள் நிறுவனத்தில் பொறுப்பானவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் முதலில் தங்களுக்கு எழுதுகிறேன். 34,500 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். வெயிலில் கிடந்த இந்தக் குப்பிகளைக் கண்ணில் விடலாமா கூடாதா என்பதை மருந்தாளுநர் கையொப்பத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூக்கு மருந்தைக் கண்ணில் ஊற்றச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன்; மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நகல் செல்லும். அந்த அளவுக்குப் போகாமல் தாங்களே தீர்த்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குப்பிகளைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, மருத்துவர் சீட்டு, 12பி அனுமதி நகல், கூரியர் சீட்டின் படம்.