பதினொரு இழுப்பறையும் ஒரு நோட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. உன் கடைசிக் கடிதம் வேலை மேஜையிலேயே கிடக்கிறது, அதன் மூலையில் ஃப்ளக்ஸ் கறை வேறு. சாலிடரிங் இரும்பை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், இன்று ராத்திரி எழுதிவிடலாம் என்று நினைப்பேன், அப்புறம் அந்த ராத்திரியும் போய்விடும். மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அக்காவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. நாம் ‘கால்மில்லி’ என்று கூப்பிடும் நம் நண்பன் போன வாரம் பேசினான், இன்னும் தன் மாதிரி ரயிலுக்கு அதே பாலத்தைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறானாம், ரிவெட் எண்ணிக்கை தப்பென்று ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டானாம்.

சரி, விஷயம் இதுதான். நம் மாதிரி ரயில்களுக்கு உதிரிப்பாகம் செய்து தபாலில் அனுப்பும் கடை மூடப்போகிறது.

ஆமாம், அவர்கள்தான். அந்தப் பெரியவரும் அம்மாவும். பச்சை எஞ்சின் மறுபடியும் நொண்ட ஆரம்பித்தது, சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று தட்டிக்கொண்டு. கழற்றிப் பார்த்தால் எதிர்பார்த்ததுதான்: அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. மயிரிழை விரிசல்தான், ஆனால் அந்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள இடைவெளி விரிந்துவிடுகிறது, எதிர்ப்பல் அங்கே வந்ததும் சரியாக உட்காராமல் இடிக்கிறது. இரண்டு சக்கரம் வேண்டுமென்று எழுதிப்போட்டேன். நான்கு வந்தன. கூடவே மடித்த தாளில் அந்த அம்மாவின் கையெழுத்து: “இதற்குமேல் இந்த அளவு எங்களிடம் இருக்காது, அதனால் கூடுதலாக வைத்திருக்கிறோம். மாத முடிவோடு நிறுத்துகிறோம்.”

மாதிரி ரயில் விற்கும் ஹாட்டன்ஸ் கடை மூடும் செய்தி 2024 ஜனவரியில் வந்தபோது நீ எழுதியது நினைவிருக்கிறதா? 1946இல் லிவர்பூலில் தொடங்கிய கடை, அதுவே போய்விட்டால் இனி யார் நிற்பார்கள் என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். நானும் வருத்தப்பட்டேன், மறுக்கவில்லை. ஆனால் அன்று நான் உனக்குச் சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன். பெரிய கடை மூடினால் நாம் இழப்பது வாங்கும் இடத்தை. அவர்கள் விற்ற எஞ்சின்களையும் பெட்டிகளையும் வேறு கடைகளும் விற்கின்றன. மார்க்லினையே பார், 1859இல் தொடங்கிய ஜெர்மன் மாதிரி ரயில் கம்பெனி, நூற்றைம்பதாவது ஆண்டான 2009இல் திவால் மனு போட்டது. எல்லாம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை, 2013இல் வேறொரு பொம்மைக் குடும்பம் வாங்கியது, இன்றும் வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய பெயருக்கு யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். கொட்டகையில் இரண்டே பேர் உட்கார்ந்து 0.4 மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) பல்சக்கரமும், பிரேக் கம்பியும், ஏணிப்படியும் செய்து உறையில் போட்டு அனுப்பும் இடம் மூடினால் யார் வருவார்? அவர்கள் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை, மாப்பிள்ளை. அதனால்தான் நாம் அவர்களிடம் வாங்கினோம்.

இது முதல் தடவையும் அல்ல. 2013இல் ஃப்ளோக்வில் பெயின்ட் நின்றபோது நீயும் நானும் கிடைத்த பாட்டிலையெல்லாம் சேர்த்தோமே. உன் பங்கில் பாதி மூடிக்குள்ளேயே கல்லாகிவிட்டது என்று நினைக்கிறேன். நிறத்துக்கு நாம் வழி கண்டுபிடித்தோம், வேறு பெயின்டைக் கலந்து பழகிக்கொண்டோம். அதில் ஒரு நன்மைகூட விளைந்தது. டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தால் நிஜத்தில் 160இல் ஒரு பங்கான நம் 1:160 வண்டி கறுத்துப் போய்ப் பொம்மைபோல இருக்கும், கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்து வெளுக்கவைத்தால்தான் தூரத்தில் நிற்கும் நிஜ வண்டிபோலத் தெரியும் என்பது அந்தப் பஞ்சத்தில்தான் நமக்குப் புத்தியில் ஏறியது. ஆனால் பல்சக்கரத்தைக் கலந்து செய்ய முடியாதே.

உடனே அவர்களுக்கு ஃபோன் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். பெரியவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இடது கண் மையத்தில் மங்கல், உருப்பெருக்கி வைத்தும் பல்லை எண்ண முடியவில்லை என்றார். ஆள் தேடினாராம், இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, இதில் வருமானம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குரலில் கசப்பே இல்லை. நான்தான் பேச முடியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அப்புறம் அவர் கேட்டார், “உங்களுக்கு வேண்டுமா?”

சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல். ‘நாங்கள் இரண்டு பேர்’ என்றும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம் அதுதான். கோபம் வந்தால் இங்கேயே நிறுத்தி ஒரு நடை நடந்துவிட்டு வந்து படி.

என்ன வரப்போகிறது என்று சொல்கிறேன். பதினொரு இழுப்பறை பல்சக்கரமும் அச்சும். எட்சிங்குக்கான, அதாவது தகட்டை அரித்துப் பாகம் எடுப்பதற்கான ஃபிலிம்கள், ஏறக்குறைய அறுபது. வெள்ளை உலோகம் வார்க்கும் ரப்பர் அச்சுகள், அதில் பாதி சூட்டில் கருகி விளிம்பு உதிர ஆரம்பித்துவிட்டன, எத்தனை வார்ப்பு தாங்கும் என்பது சந்தேகம்தான். அப்புறம் ஒரு நோட்டு. முப்பது வருடமாக யார் என்ன கேட்டார்கள், எந்த எஞ்சினின் எந்த வருடத் தயாரிப்புக்கு எத்தனை பல், துளை எவ்வளவு, எது பொருந்தியது, எது பொருந்தாமல் திரும்பி வந்தது என்று பென்சிலில் எழுதியது. ஃபோனிலேயே ஒரு பக்கம் படித்துக் காட்டினார். ஒரே எஞ்சின், வெளியில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பின்னால் வந்த தயாரிப்பில் அச்சு மட்டும் கால் மில்லி பருமன் கூடியிருக்கிறது. (நம் கால்மில்லியிடம் இதைச் சொல்லாதே, தூங்கமாட்டான்.) என்னைக் கேட்டால் இழுப்பறை பதினொன்றையும்விட அந்த நோட்டுதான் பெரிய சொத்து. இழுப்பறை காலியாகிவிடும். நோட்டு இருந்தால் மறுபடி நிரப்பலாம்.

எப்படி நிரப்புவது என்றுதான் இந்த இரண்டு வாரமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பல்சக்கரத்தின் வெளிவிட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல் வந்துவிடும். பச்சையின் சக்கரம் 6.4 மில்லிமீட்டர், 14 பல். பதினாறால் வகுத்தால் 0.4. இந்தக் கணக்கு சுலபம். ரெசின் பிரின்டரில் அடித்துப் பார்த்தேன், பார்க்க அழகாக வந்தது, கால் மணி நேரம் ஓடியதும் ஒரு பல் உடைந்து கியர்ப்பெட்டிக்குள் போய்விட்டது. ரெசின் சக்கரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உடல்பாகத்துக்கும் பெட்டியின் கூரைச் சாமானுக்கும் அது அருமையான பொருள், 0.05 மில்லி அடுக்கு என்றால் நிஜத்தில் 8 மில்லிதான், ஒரு கோட் ப்ரைமரில் மறைந்துவிடும். பல்லுக்கு மட்டும் அசிட்டால் பிளாஸ்டிக்கோ பித்தளையோதான் வேண்டும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். லேத் இருப்பது உன்னிடம்.

விரிசல் விடுவதற்கும் காரணம் தெரிந்துதான் இருக்கிறது. எஞ்சின் கம்பெனிக்காரர்கள் துளையை வேண்டியதைவிடச் சின்னதாக விட்டு அச்சில் நெருக்கி ஏற்றுகிறார்கள், பிளாஸ்டிக் வருடக்கணக்கில் அந்த இழுவிசையிலேயே இருந்து ஒரு நாள் விட்டுக்கொடுக்கிறது. பெரியவர் தன் சக்கரங்களின் துளையை ஒரு சின்ன ரீமரால் லேசாகத் தளர்த்திவிட்டுத்தான் அனுப்புவாராம். நமக்கு அவரிடம் வாங்கிய ஒன்றுகூட வெடிக்கவில்லையே, யோசித்துப் பார்த்தாயா?

எட்சிங் வேலையும் அப்படித்தான். 0.2 மில்லி நிக்கல் சில்வர் தகட்டில் இரண்டு பக்கமும் ஃபிலிமை ஒட்டி ஒளி காட்டி, ஃபெரிக் குளோரைடில் கரைப்பது மட்டும் நமக்குத் தெரியும். திரவம் கீழே தின்னும்போதே பக்கவாட்டிலும் தின்கிறது, அதற்கு இடம்விட்டு வரைய வேண்டும், இல்லையென்றால் கைப்பிடிக் கம்பி காணாமல் போய்விடும். மடிப்புக்கோட்டைப் பாதி ஆழம் மட்டும் அரித்து, அந்தப் பள்ளம் உட்பக்கம் வரும்படி மடித்தால் தொண்ணூறு டிகிரியில் தானாக நின்றுவிடுகிறது. அவருடைய ஃபிலிம்களில் இந்தக் கணக்கு ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. ஒருமுறை குப்பைக்குப் போனால் திரும்பி வராது.

இதெல்லாம் நம் இரண்டு பேரால் ஆகுமா என்று நீ கேட்பாய். ஆகும் என்று எனக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டூ மில்லிமீட்டர் ஸ்கேல் அசோசியேஷனைப் பார். மாதிரி ரயில் கட்டுபவர்கள் 1960இல் ஆரம்பித்த சங்கம். 1:152 அளவும் 9.42 மில்லி கேஜும் (இரண்டு தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள இடைவெளி) வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எந்தப் பெரிய கம்பெனியும் சக்கரம் செய்யப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் சங்கமே கடையாகிவிட்டது. சக்கரம், தண்டவாளம், ஸ்லீப்பர் எல்லாம் உறுப்பினர்களுக்கு உறுப்பினர்களே சம்பளமில்லாமல் அனுப்புகிறார்கள். ஒருவர் முடியாமல் விலகினால் இன்னொருவர் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். அறுபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடுகிறது. லாபத்தை எதிர்பார்த்துக் கடை நடத்தினால் லாபம் நின்ற அன்று கடையும் நிற்கும். நமக்கு லாபமே வேண்டாம், செலவு கையைக் கடிக்காமல் இருந்தால் போதும்.

என் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. தண்டவாளத்தை எல்லாம் பெயர்த்துவிட்டேன். முழுவதையும். திட்டாதே, கேள். நம் பழைய தண்டவாளம் கோட் 80, அதாவது 2.03 மில்லி உயரம். 160ஆல் பெருக்கினேன்: 32 சென்டிமீட்டருக்கு மேல்! நிஜத் தண்டவாளம் 15 முதல் 17 சென்டிமீட்டர்தான், நாம் இத்தனை வருடம் அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் வண்டி ஓட்டியிருக்கிறோம். கோட் 40 என்றால் 16 சென்டிமீட்டர், கச்சிதம். தாமிரம் பூசிய பலகையை ஸ்லீப்பராக வெட்டி, தாமிரத்தை நடுவில் அரத்தால் ராவிப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சாலிடர் வைக்கிறேன். சாலிடர் வெளிப்பக்கம் மட்டும், உட்பக்கம் துளி இருந்தாலும் பழைய சக்கரங்களின் ஆழமான விளிம்பு அதில் ஏறிக் குதிக்கிறது. பத்து ஸ்லீப்பருக்கு ஒரு தடவை மீட்டர் வைத்து ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், நூறு வைத்துவிட்டு அப்புறம் தேடினால் அழுகை வரும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயின்ட்டில் முதலாவதற்கு ஒன்பது நாள் ஆனது. நான்காவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். பச்சை அதன்மேல் நொடிக்கு 14 சென்டிமீட்டரில் போனது, அதுதான் மணிக்கு 80 கிலோமீட்டர். தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். தண்டவாளம் மெலிந்ததும் வண்டிக்கே கனம் கூடியதுபோல இருந்தது.

உண்மைக் கனம்தான் வராது. நூறு டன் எஞ்சினை 1:160க்குச் சுருக்கினால் கன அளவுக்கு 24 கிராம்தான், தூசி இருந்தால் அந்த எடையில் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் மின்தொடர்பே விட்டுப்போகும். நீ சொன்னபடி எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டர் பெட்டியில், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் வைத்தேன், நன்றாக வேலை செய்கிறது, அந்த யோசனைக்கு நன்றி. உன் மரங்கள் எப்படி இருக்கின்றன? இன்னும் பாட்டில் கழுவும் பிரஷ்போலத்தான் நிற்கின்றனவா? கம்பி முறுக்கும்போது கிளைகளை ஒரே நீளத்தில் விடாதே என்று எத்தனை தடவை சொல்வது.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அவர்கள் சாமான்களை ஒழிக்க மாதக் கடைசிவரை பொறுப்பார்கள். நான் போய் எடுத்து வருகிறேன், பெரியவரோடு இரண்டு நாள் இருந்து வார்ப்பும் எட்சிங்கும் பார்த்துக்கொள்கிறேன், கைப்பக்குவம் நோட்டில் இருக்காது. ரப்பர் அச்சும் ஃபிலிமும் என் பொறுப்பு. பல்சக்கரம் உன் பொறுப்பு. நோட்டை முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இருவரிடமும் வைப்போம். உனக்கு முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் கோபப்படமாட்டேன், ஆனால் பொய்க்காரணம் சொல்லாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

முடியும் என்றால் இரண்டு விஷயம் உடனே பார். உன் லேத்தில் 1.5 மில்லி கம்பியைப் பிடிக்கும் காலெட் இருக்கிறதா, இருந்தால் ஆட்டம் எவ்வளவு? அப்புறம், வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் 14 பிரிவுக்கான தகடு இருக்கிறதா? உள்ளே துண்டு வைத்துக் கட்டிப் பரண்மேல் ஏற்றினோமே, அந்த மரப்பெட்டியில் பார்.

அன்புடன்,
உன் மாமன்

பி.கு.: வந்த நான்கு சக்கரத்தில் இரண்டு உன் சிவப்பு எஞ்சினுக்கும் பொருந்தும். இதே உறையில் வைத்திருக்கிறேன். திறக்கும்போது தட்டில் கொட்டித் திற.