அக்காவுக்கு: ரெண்டு அப்பா, ஒரு இரும்புக்கை

அன்புள்ள அக்கா,

நீ குடுத்த லிஸ்ட்ல ரெண்டு நாவல்தான் முடிச்சிருக்கேன், நடுவுல காமிக்ஸ் பக்கம் ஓடிட்டேன், திட்டாத. பொம்மை பாக்குறதெல்லாம் படிக்கிறதுல சேராதுன்னு ஆரம்பிப்பே, அதான் போன் பண்ணாம எழுதுறேன், போன்ல எங்க என்னைய பேச விடுறே.

மொதல்ல இமையத்தோட 'செல்லாத பணம்'. 2018ல வந்துச்சு, 2020க்கான சாகித்ய அகாடமியும் வாங்குச்சு, அதெல்லாம் உனக்கே தெரியும். இஞ்சினியரிங் படிச்ச ரேவதி ஆட்டோ ஓட்டுற ரவியை அடம்புடிச்சு கட்டிக்கிறா, சில வருஷம் கழிச்சு உடம்பெல்லாம் வெந்துபோய் ஜிப்மர் தீக்காய வார்டுல கெடக்கிறா. கதைன்னு சொல்லப்போனா அவ்ளோதான், மிச்சமெல்லாம் வார்டுக்கு வெளிய காத்துக்கிடக்கிறவங்க பேச்சு. பாதி வரைக்கும் எனக்கு எரிச்சல்தான், சொன்னதையே சொல்றாங்க, அழுததுக்கே திரும்ப அழுவுறாங்க, கொஞ்சம் வெட்டியிருக்கலாமேன்னு தோணிச்சு. அப்புறம்தான் உறைச்சுது, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கிற சனம் வேற எப்படி பேசும்? வர்ற ஒவ்வொரு சொந்தக்காரன்கிட்டயும் அதையேதான மொதல்லேருந்து சொல்லி அழும். அதை வெட்டாம விட்டதுக்கு ஒரு தைரியம் வேணும்.

அந்த நடேசன் இருக்காரே, ரேவதியோட அப்பா, அவரைத்தான் மறக்க முடியல. எவ்ளோ செலவானாலும் பரவால்லன்னு பணத்தோட நிக்கிறார், ஆனா பொண்ணு நல்லா இருந்த காலத்துல முகம் குடுத்து பேசாத மனுஷன். ரவியையும் சும்மா வில்லன்னு ஓரங்கட்டாம வாயத் தொறந்து பேச விட்டிருக்கார் இமையம். எனக்கு அவன்மேல கோவம் கொறையல, ஆனா கோவப்படுறது அதுக்கப்புறம் அவ்ளோ ஈஸியாவும் இல்ல.

இதை கீழ வச்ச கையோட 'மவுஸ்' காமிக்ஸை எடுத்தது என் புத்தி. ஆர்ட் ஸ்பீகல்மன் அவங்க அப்பா வ்ளாடெக் ஹிட்லரோட ஆஷ்விட்ஸ் வதை முகாம்லேருந்து பொழச்சு வந்த கதைய கேட்டு கேட்டு வரைஞ்சது, 1986லயும் 1991லயும் ரெண்டு பாகமா வந்துச்சு, 1992ல புலிட்சர் சிறப்பு விருது. யூதர்கள் எலி, ஜெர்மன்காரங்க பூனை, போலந்துக்காரங்க பன்னி. இதைக் கேட்டா சின்னப் புள்ளைங்க சமாச்சாரம் மாதிரிதான இருக்கும்? ஒரு எடம் சொல்றேன் கேளு. வ்ளாடெக் போலந்துக்காரன் மாதிரி நடிச்சு தெருவுல போகணும், அப்ப எலி மூஞ்சிமேல பன்னி முகமூடி போட்டுக்கிறார், முகமூடியோட கயிறு பின்னந்தலையில முடிச்சு போட்டிருக்கிறது தெரியுது. பாக்குற நமக்கு தெரியுது, தெருவுல போறவனுக்கு தெரியல, எப்ப தெரிஞ்சிடுமோன்னு நமக்குத்தான் பதறுது. இதை நாவல்ல எழுத ஒரு பக்கமாவது வேணும், இங்க ஒரு கயிறு போதும். நான் மொதல் தடவை அந்தக் கயிறை கவனிக்கவே இல்ல, விறுவிறுன்னு வசனத்தை மட்டும் படிச்சுட்டு போயிட்டேன். காமிக்ஸ் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நீ சொல்றது உண்மைதான், ஆனா முடிச்சவன் தப்பா படிச்சிருக்கான்னு அர்த்தம்.

அப்பாவை தியாகியா காட்டலங்கிறதுதான் எனக்கு ரொம்ப புடிச்சுது. பிரிச்ச சாப்பாட்டு பாக்கெட்டையே கடையில திருப்பிக் குடுத்து காசாக்குற கஞ்சன். மகனுக்கு அசிங்கமா இருக்கு, அதையும் வரைஞ்சு வச்சிருக்கான். மொதல் பாகம் முடியுற எடத்துல, செத்துப்போன அம்மாவோட டைரிய எல்லாம் நான்தான் எரிச்சிட்டேன்னு வ்ளாடெக் ஒத்துக்கிறப்போ எனக்கு யாரு ஞாபகம் வந்திருப்பா சொல்லு? நம்ம அப்பாதான். என் காமிக்ஸ் கட்டை பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்கு போட்டுட்டு, சாப்பிடுறப்போ சாதாரணமா சொன்னாரே. ஆஷ்விட்ஸையும் என் காமிக்ஸையும் ஒண்ணா சேர்க்கிறேன்னு அடிக்க வராத, ஞாபகம் அப்படித்தான் வருது, நான் என்ன பண்றது.

மனசு ஆற ரெண்டு டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸ் படிச்சேன். 1948ல இத்தாலியில பொறந்த ஆளு, இன்னும் குறி தப்பல. நம்ம தல எந்தக் கதையிலயும் தோக்கமாட்டார்னு தெரிஞ்சுதான் படிக்கிறோம், எனக்கு அதுல சலிப்பு தட்டிடுச்சு. பக்கத்துலயே பொலம்பிக்கிட்டு வர்ற கூட்டாளி கார்சன் இல்லன்னா பாதியில மூடியிருப்பேன்.

அப்புறம் 'தண்ணீர்'. இமையத்துக்கு நேர் எதிர், அசோகமித்திரன் கொரலே ஒசத்தல. குடிதண்ணி குழாய்ல சாக்கடை கலந்து வருது, ஜமுனா தூக்கு மாட்டிக்கப் பாக்குறா, ரெண்டையும் ஒரே தொனியில சொல்லிட்டு போறார். டீச்சரம்மா தன் கல்யாணக் கதைய ஜமுனாகிட்ட சொல்ற எடம் மட்டும் மூணு தடவை படிச்சேன், பதினஞ்சு வயசுல கட்டிக்கிட்டு வந்த வீடு, இருமிக்கிட்டே கெடக்கிற புருஷன். அழுகையே வரல, தொண்டை மட்டும் அடைச்சுது. இன்னொண்ணு கவனிச்சியா, ஒரு காட்சிய சட்டுனு நிறுத்திட்டு அடுத்ததுக்கு தாவிடுறார், நடுவுல நடந்ததை நம்ம தலையில கட்டிடுறார். ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடு விடுறானே காமிக்ஸ்காரன், அதே வேலைதான். உன் ஆளு அசோகமித்திரனும் எங்க கட்சிதான்கா.

கடைசியா 'இரும்புக்கை மாயாவி' மறுபதிப்பு. 1972ல முத்து காமிக்ஸ் தொடங்கினதே இதை வச்சுத்தான். கரெண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியுமாம், இப்ப படிச்சா கதையில ஆயிரம் ஓட்டை, வில்லன்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கிறதாவே தெரியல. ஆனா இருட்டுல அந்தக் கை மட்டும் தனியா மெதக்குற படம் வந்தா இன்னமும் பக்கத்தை திருப்ப கை வரமாட்டேங்குது.

எடைக்கு போட்ட கட்டுலேருந்து ஒரு மாயாவிய மட்டும் நீ உருவி வச்சியே, அட்டை கிழிஞ்சது, அது இன்னும் உன்கிட்டதான இருக்கு? அடுத்த தடவை வர்றப்போ எடுத்துட்டு வா. அதுல கைக்கு மேல காலியா இருந்த எடத்துல பால்பாயின்ட் பேனாவால ஒரு மூஞ்சி வரைஞ்சிருக்கும், மீசையோட. இத்தனை வருஷமா பழி என்மேல. அதை வரைஞ்சது நான் இல்ல, நீதான்.

இப்படிக்கு,
உன் தம்பி