எங்கள் ஒழுங்கைக்கும் இடியப்ப மாமிக்கும்

இன்று காலையும் ஆறு மணிக்கு மாமி எங்கள் படலையடிக்கு வந்தார். “குடிச்சான், புள்ள. திண்டும் போட்டான்.” சொல்லிவிட்டு இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நேற்றோடு 14 நாள் முடிந்துவிட்டது, இனி வந்து சொல்லத் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். பழக்கம்தான்.

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கை நாய் கறுப்பன் என் மகனைக் கடித்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மகன் நலமாக இருக்கிறான். கறுப்பனும் உயிரோடு இருக்கிறான்.

கறுப்பன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் மாமி. அன்றைக்குப் பொல்லோடு வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. என் கையில் பொல்லு இருந்திருந்தால் நானே அடித்திருப்பேன். மாமிதான் நாயை இழுத்துத் தன் வளவுக்குள் விட்டு, படலையைச் சாத்திவிட்டு முன்னால் நின்றார். “இது செத்தா அந்தப் பொடியனுக்கு என்ன நடக்கும் எண்டு ஆர் சொல்லுற?” என்று கேட்டார். அந்த நேரம் அது எனக்கு விளங்கவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் டொக்டர் சொன்னபோதுதான் விளங்கியது. கடிக்கும்போது நாயின் எச்சிலில் விசர்க் கிருமி (ரேபிஸ்) இருந்திருந்தால், 14 நாளுக்குள் அந்த நாய்க்கு வருத்தம் தெரிந்து செத்துப்போகும். உயிரோடு நின்றால் பயமில்லை. அடித்துக் கொன்றிருந்தால் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த அட்டை. நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது மாமி ஒரு பிஸ்கட் தகரத்தோடு ஓடி வந்தார். பேத்தியின் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் இருந்த அதே தகரத்துக்குள் மூன்று நாய்களின் தடுப்பூசி அட்டைகள். ஒழுங்கையில் எல்லோரும் சோறு போடுகிற, யாருக்கும் சொந்தமில்லாத மூன்று நாய்கள். உரிமையாளர் என்ற இடத்தில் மூன்றிலும் மாமியின் பெயர். கறுப்பனின் அட்டையில் போன வருடத் திகதியும் இருந்தது, இந்த வருடத் திகதியும் இருந்தது. பிரதேச சபைக்கு நாய்ப் பதிவுக் காசும் கட்டியிருக்கிறார். இடியப்பம் விற்ற காசு. பிறகொரு நாள் ஏன் என்று கேட்டேன். “பேரில்லாததைத்தானே முதல்ல அடிக்கிறாங்க” என்றார்.

காயம் ஆழம் என்பதால் டொக்டர் ஊசியைத் தொடங்கத்தான் செய்தார். ஆனால் அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

14 நாளும் கறுப்பன் மாமியின் முருங்கை மரத்தடியில் கட்டிக் கிடந்தான். மூன்று மணிக்கே எழுந்து மா குழைக்கிற மனுஷி, வியாபாரத்துக்குப் போகுமுன் எங்கள் படலைக்கு வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார். “குடிச்சான்.” தண்ணீரைக் கண்டு பயப்படுவது விசர் பிடித்த மனிதர்தான், நாய் அப்படியில்லை, அது சாப்பாட்டை விடுகிறதா, வீணி வடிக்கிறதா, குணம் மாறுகிறதா என்று பாருங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. தம்பி விளக்கினார். சரிதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு நாளும் எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள். கோப்பித்தூள் வைக்கச் சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, மகனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பக்கத்து வளவு அண்ணா, காசு வாங்காமல் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கூட்டிப்போன ஆட்டோத் தம்பி, ஊசி அறையில் மகனைச் சிரிக்கவைத்த நேர்ஸ், பாடக்கொப்பி எழுதி அனுப்பிய பிள்ளைகள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

எனக்கு வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எங்கள் ஒழுங்கையாலும் போனது. கோயில் வெளியில் நாய்களுக்கு இலவச ஊசி என்று சொன்னது எனக்கும் கேட்டது. எங்கள் வீட்டு நாய் படலை தாண்டாதது, இதுக்கு எதுக்கு என்று நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மாமி கிழிந்த சீலைத் துண்டில் மூன்று நாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1901இலிருந்தே இருக்கிறதாம். நான் போன கிழமைதான் எங்கள் நாயைப் பதிந்தேன். ஊசியும் போட்டாயிற்று. அடுத்த முறை அந்த ஆட்டோ வரும்போது இந்த ஒழுங்கையில் ஒவ்வொரு படலையாகத் தட்டுவேன். கோபிக்க வேண்டாம்.

மாமிக்கு ஒரு சீலை வாங்கிக்கொண்டு போனேன். வாங்கவில்லை. “எனக்குக் கை ஏலாது புள்ள, மூண்டும் மூண்டு பக்கம் இழுக்குதுகள். வாற வருசம் கயிறு பிடிக்க உன்ட மகனை அனுப்பு” என்றார்.

மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். போகிறானாம். ஆனால் கறுப்பனை மாமிதான் பிடிக்க வேண்டுமாம்.