கதையல்லாத நூல்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு ஊர் நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துவதாக எழுதியிருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, சிறிய எழுத்தையும் படிக்க முடிகிறது.

புனைவல்லாத நூல்களின் வகைகளையும் கூறுகளையும் எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். நாட்குறிப்பு, தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, பயண நூல், கலைக்களஞ்சியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், நூலைத் தொடமாட்டார்கள். நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலத்திற்குப் பிறகு இது எழுதப்பட்டது, எழுதியவருக்கு இது எப்படித் தெரியும் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். வகைகள் தாமே விளங்கும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து தொடங்கலாம். 1736இல் புதுச்சேரியில் எழுதத் தொடங்கிய அவர், கப்பல் வந்த செய்தியையும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுடன் பேசியதையும் ஊர் வதந்தியையும் அன்றன்றைக்கே பதிந்து வைத்தார். 1746இல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமானதைப் பற்றி எழுதியபோது, 1749இல் அது ஆங்கிலேயரிடமே திரும்பப் போகிறது என்பதை அவர் அறியார். நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுவதே நாட்குறிப்பின் இயல்பு. அதன் மதிப்பும் அதுதான்.

அடுத்து உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள், வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு என்னும் இரு வகைகளிலும் ஒருவரே எழுதியிருப்பதால் ஒப்பிட வசதியாக இருக்கும். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை அவர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தது 1876இல்; ஆகவே தாம் கண்டதோடு நில்லாமல், பிறர் சொன்னவற்றையும் திரட்டியே அதை எழுத வேண்டியிருந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' அப்படிப்பட்டதன்று. அதில் அதே ஆசிரியர், பாடம் கேட்கக் காத்திருக்கும் ஓர் இளைஞனின் கண்வழியே தெரிகிறார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த உரையாடல்கள் அதில் மேற்கோள் குறிகளுக்குள் வருகின்றன. அவை சொல்லுக்குச் சொல் அப்படியே பேசப்பட்டவையா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, பதிவு என்றும் சொல்ல முடியாது. நினைவிலிருந்து எழுதப்படும் எழுத்துக்கே உரிய அந்த நிலையை அவர்களே கண்டுகொள்ளட்டும். 1942இல் அவர் காலமானதால் அந்நூல் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.

உரைநடையில் இருப்பதெல்லாம் உண்மை, செய்யுளில் இருப்பதெல்லாம் கற்பனை என்று யாராவது சொன்னால், வ.உ.சிதம்பரனார் தம் சுயசரிதையை அகவற்பாவில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

1910இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி' என்னும் கலைக்களஞ்சியத்தையும் அவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். புராண மாந்தரின் கதைகள் நிறைந்த நூல் எப்படிப் புனைவல்லாததாகும் என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். அந்த நூல் கதையைப் படைக்கவில்லை. எந்தப் பெயருக்கு எந்தக் கதை வழங்குகிறது என்று அகரவரிசையில் தொகுத்துத் தருகிறது என்று விடை சொல்லலாம்.

பொருளடக்கம், முன்னுரை ஆகியவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். அடிக்குறிப்பும், நூலில் வரும் பெயர்களைப் பக்க எண்ணோடு தரும் பெயரடைவும்தான் முக்கியம். எழுதியவர் சொன்னதைச் சரிபார்க்க வாசகருக்கு வழிவிடுபவை அவைதாம். நம் பதிப்பாளர்கள் பலர் பெயரடைவை வீண்செலவாகக் கருதி விட்டுவிடுவது எனக்குத் தீராத மனக்குறை. பெயரடைவு இல்லாத நூல் ஒன்றைக் கொடுத்து, பத்துப் பக்கங்களுக்கு மட்டும் பிள்ளைகளையே அதைத் தயாரிக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயரைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர்களுக்குள் சண்டை வரும், வந்தால் நல்லதுதான்.

நாட்குறிப்பின் தொகுதிகள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் எழுதுங்கள். என்னிடம் உள்ளவற்றிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்து அனுப்புகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்