ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச மாணவர் கல்லூரியின் முதல்வர் அவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

இம்மடலின் சீன மொழிப் பிரதியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். சீனாவுக்கு மருத்துவம் படிக்க வரவிருக்கும் தமிழ் மாணவர்களும் அறியட்டும் என்றே தமிழிலும் எழுதுகிறேன். பண்பாடு கடந்த உரையாடல் பாடத்தில் சீன மாணவர்களையும் வெளிநாட்டு மாணவர்களான எங்களையும் ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சென்ற வாரம் இதயநோய்ப் பிரிவில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். வட்டார வழக்கில் பேசிய ஒரு மூதாட்டியின் நோய் விவரத்தை நானும் ஒரு சீன மாணவியும் சேர்ந்து கேட்டு எழுத வேண்டியிருந்தது. பாட்டி சொன்னது பிடிபடாமல் நான் மாணவியின் பக்கம் திரும்பினேன். அவர் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. முகம் சிவக்கக் கைப்பேசியில் எதையோ தட்டி, திரையை என் பக்கம் நீட்டினார். ‘சின்ஹுவாங்’ என்ற சீனச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புச் செயலி ஆங்கிலத்தில் ‘பதற்றம்’ என்று காட்ட, நானும் அப்படியே எழுதினேன். அது நெஞ்சுப் படபடப்பு என்று மருத்துவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். அன்றிரவு அந்த மாணவி வீசாட் என்னும் செய்திச் செயலியில், பிழையே இல்லாத ஆங்கிலத்தில், நீண்ட மன்னிப்புச் செய்தி அனுப்பியிருந்தார். படபடப்புக்கான ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியுமாம். உச்சரிப்பு பிசகினால் மானம் போய்விடுமே என்றுதான் வாய் திறக்கவில்லையாம்.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. கல்லூரி ஆங்கிலத் தேர்வில் ஆறாம் நிலை தேறியவர் அவர். 710 மதிப்பெண்ணுக்கான அந்தத் தேர்வில் பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது, பேச்சுத் தேர்வு தனி, அதுவும் விருப்பமிருந்தால்தான். ‘ஊமை ஆங்கிலம்’ என்று சீனர்களே நொந்துகொள்வது இதைத்தான். எங்கள் பக்கமும் குறை உண்டு: கட்டாயமான நான்காம் நிலைச் சீனத் தேர்வோடு நிறுத்திக்கொண்டு, விடுதியில் சாம்பார் கொதிக்கவைத்து, எங்களுக்குள்ளேயே பேசிக் காலத்தைக் கழிக்கிறோம். நம்மூர் ‘சாப்பிட்டாச்சா’ போலவே இங்கும் ‘ச்சி ல மா’ என்பது நலம் விசாரிப்புதான் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் உணவகத்தில் சோறு போடும் அம்மாள்.

தாங்களோ ஆண்டுக்கொரு முறை பண்பாட்டு விழா நடத்துகிறீர்கள். சேலையும் சமோசாவுமாக நாங்கள் நிற்போம். சீன மாணவர்கள் படமெடுத்துக்கொண்டு நகர்வார்கள். மறுநாள் அது ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று பல்கலைக்கழகப் பக்கத்தில் வெளியாகும். சமோசா கைமாறியது உண்மைதான்.

சீன மாணவரையும் வெளிநாட்டு மாணவரையும் ஒரே முறையில் கற்பித்து நிர்வகிக்க வேண்டும் என்று தங்கள் கல்வி அமைச்சகமே 2018-இல் நெறி வகுத்திருக்க, பண்பாடு கடந்த உரையாடல் என்னும் பாடத்தை அவர்களுக்கு ஒரு கட்டடத்திலும் எங்களுக்கு வேறொரு கட்டடத்திலும் நடத்தினால், யார் யாரோடு உரையாடுவது? வெளிநாட்டு மாணவர்களுக்குச் சீன மாணவர்களைத் துணையாகச் சேர்த்துவிட்ட ஷான்தோங் பல்கலைக்கழகத்தின் ‘துணை மாணவர்’ திட்டம் 2019-இல் இணையத்தில் கண்டனத்துக்கு ஆளாகி, மன்னிப்புக் கேட்பதில் முடிந்ததால் தாங்கள் தயங்குவது புரிகிறது. ஆளுக்கொரு துணையை நாங்கள் கேட்கவில்லை. ஒரே வகுப்பைத்தான் கேட்கிறோம்.

ஆகவே, செப்டம்பரில் தொடங்கும் பருவத்திலிருந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது அந்தப் பாடத்தை இரு தரப்புக்கும் ஒரே அறையில், பேச்சுக்கு மதிப்பெண் வைத்து, நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவியும் இம்மடலைப் படித்துச் சம்மதித்த பிறகே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மருத்துவ மாணவன்