மெத்தனால் வினையூக்கி: வேகம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெத்தனால் தயாரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேதிவினையை விரைவுபடுத்தும் புதிய தாமிர வினையூக்கிகள் எவ்வளவு வேகமாகச் செயல்படுகின்றன என்பதை விரிவாக எழுதியவர்கள், அந்த வேகம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதைத் தொடவே இல்லை. ஆலையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

1923-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் தொகுப்பு வாயுவிலிருந்து (கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் முக்கியமாகக் கலந்த வாயு) மெத்தனால் தயாரிக்கத் தொடங்கியபோது பயன்படுத்தியது, துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கியை. அதற்கு 250 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேல் அழுத்தமும் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் வேண்டியிருந்தன. தாமிரம் இதைவிடத் திறனுள்ளது என்றாலும், வாயுவில் இருந்த கந்தகம் அதை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். வாயுவைச் சுத்தப்படுத்தும் முறைகள் தேறிய பிறகுதான், 1966-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் தாமிர வினையூக்கியைக் கொண்டு சுமார் 50 பார் அழுத்தத்திலேயே ஆலையை ஓட்ட முடிந்தது.

கந்தகத்தைத் தடுத்துவிட்டாலும் வெப்பமும் நீராவியும் மிச்சமிருக்கின்றன. 300 டிகிரியை நெருங்கும்போது நுண்ணிய தாமிரத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, வினை நடக்கும் பரப்பு குறைந்துவிடுகிறது. குறைந்த பரப்பு திரும்புவதில்லை. வினையூக்கியில் சேர்க்கப்படும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) துகள்களை விலக்கி நிறுத்தி இதைத் தாமதப்படுத்துகின்றன. உள்ளே விடும் வாயுவில் கரியமில வாயு அதிகமாக இருந்தால் சிக்கல் கூடுகிறது. அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறும் பிறக்க, அந்த நீராவி துகள்கள் பெருப்பதை விரைவுபடுத்துகிறது. வினையூக்கியில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு), மக்னீசியம், காலியம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளை இந்தக் கோணத்தில்தான் மதிப்பிட வேண்டும்.

தயாரிக்கும் விதமும் சேர்மானத்துக்குச் சமமாக முக்கியம். உலோக உப்புகளின் கரைசலிலிருந்து சோடியம் கார்பனேட் கொண்டு படிய வைக்கும் வீழ்படிவில் சோடியம் தங்கும்படி அரைகுறையாகக் கழுவினால், நல்ல சேர்மானமும் மந்தமாகிவிடும். அம்மோனியா ஆலைகளில் கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் ஹைட்ரஜனும் கரியமில வாயுவுமாக மாற்றும் தாழ்வெப்ப மாற்றக் கலனில் இருப்பதும் இதே தாமிர–துத்தநாக வகைதான் என்பதால், அதைப் பழக்கப்படுத்திய (தாமிர ஆக்சைடை ஹைட்ரஜனால் உலோகத் தாமிரமாக்கிய) நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நைட்ரஜனில் ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் ஹைட்ரஜனைக் கலந்து விட்டு, படுகையின் ஒவ்வொரு அடுக்கிலும் வெப்பநிலை ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே அவசரப்பட்டால், உற்பத்தி தொடங்கும் முன்பே வினையூக்கியின் ஆயுளில் ஒரு பகுதி போய்விடும். (இந்தப் பொறுமையை எந்த ஆய்வறிக்கையும் புகழ்வதில்லை.)

ஹைதராபாத்தில் பொதுத்துறையின் பாரத மிகுமின் நிறுவனம் (பெல்) சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்குக் கால் டன் மெத்தனால் எடுக்கும் சோதனை ஆலையை நிறுவியிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் நம் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் சிலிண்டரில் வாங்கிய தூய வாயுவைக் கொண்டே சோதிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்கி ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன. ஆலையின் வாயுக்குழாயிலிருந்து சிறு கிளை எடுத்து, புதிய வினையூக்கிகளை ஆயிரக்கணக்கான மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்க்கும் வசதியை அரசு இவற்றுக்கிடையே ஏற்படுத்தித் தர வேண்டும். இத்தகைய கண்டுபிடிப்புகளைப் பற்றி இனி எழுதும்போது, எந்த வாயுவில், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், முடிவில் எவ்வளவு திறன் மிஞ்சியது என்பதையும் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்,
மணலி, சென்னை.