கலைக் கல்லூரி எதற்கு என்று கேட்ட சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். பொங்கலன்று உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மூன்று வருடம் உட்கார்ந்து படம் வரைவதற்கு ஒரு கல்லூரி எதற்கம்மா? அதைத்தான் யூடியூப்பிலேயே சொல்லித் தருகிறார்களே" என்று என்னிடம் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கலைக் கல்லூரியில் சேர ஆசைப்படும் உங்கள் மகள், என் தங்கை, வாழையிலையைப் பார்த்தபடி இருந்தாள். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கப்பல் பட்டறையில் வெல்டிங் பழகிய நாள்களைப் பற்றி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தேர்வுக்காகப் பற்றவைத்த தகட்டை அறுத்து, வளைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்த பிறகு அது பழைய இரும்போடு போய்விடும். அந்தத் தகடுகளில் ஒன்றுகூட எந்தக் கப்பலிலும் ஏறவில்லை, ஆனால் உங்கள் கை அவற்றில்தான் பழகியது. கலைக் கல்லூரியில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். எப்படி வரைவது என்பதைக் காணொளி சொல்லித்தரும், அதை நான் மறுக்கவில்லை. நாம் வரைந்ததை அறுத்து, வளைத்துப் பார்க்க அதனால் முடியாது.

அந்த வேலை நடக்கும் விமர்சன அமர்வை மாணவர்கள் 'கிரிட்' என்பார்கள். அவரவர் வேலையைச் சுவரில் குத்திவிட்டு, ஆசிரியரும் உடன் படிப்பவர்களும் அதைப் பற்றிப் பேசுவதைப் பெரும்பாலும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் முதல் கிரிட்டுக்கு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பூக்கட்டும் ஓர் அம்மாவை இரண்டு வாரம் உழைத்து வண்ணத்தில் தீட்டிக்கொண்டு போனேன். நம் வீட்டில் எல்லோரும் அதைப் பாராட்டியிருந்தீர்கள். ஆசிரியர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தாயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதே இடத்துக்குப் போய், படம் எடுக்காமல், கரிக்கோலால் முப்பது பக்கம் வரைந்துகொண்டு வரச் சொன்னார். அன்று எம்ஆர்டி ரயிலில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன் என்பது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. போனேன், வேறு வழியில்லை. முதல் பத்துப் பக்கங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. பதினைந்தாவது பக்கத்துக்கு மேல்தான், பூவைப் பிடித்திருக்கும் கை கிட்டத்தட்ட அசைவதே இல்லை, நூலைச் சுற்றும் கைதான் ஓடுகிறது என்பது கண்ணில் பட்டது. நான் தீட்டிய ஓவியத்தில் இரண்டு கைகளும் ஒரேபோல அழகாக, உயிரில்லாமல் இருந்தன. சிறு வயதிலிருந்து அந்தக் கடையைத் தாண்டி நடந்த எனக்கு, அதை முதன்முறையாகப் பார்த்தது அன்றுதான்.

தேசியக் கலைக்கூடத்துக்கு ஒருநாள் நாம் சேர்ந்து போகலாம். சிங்கப்பூர் ஓவியர் லியூ காங் 1954இல் தீட்டிய 'கலைஞரும் மாடலும்' என்ற ஓவியம் அந்தக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1952இல் அவரும் சென் வென் ஸி, சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ ஆகிய மூன்று ஓவியர்களும் பாலித் தீவுக்குப் போனார்கள். அங்கே சென் வென் ஸி ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்ததை லியூ காங் கோட்டோவியமாகக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு ஓவியமாக வளர்வதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. மெழுகால் கோடிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியில் தெரிவதைப்போன்ற வெள்ளைக் கோடுகள் அதில் உருவங்களைச் சுற்றி ஓடும். சிங்கப்பூர் ஓவியம் என்று நாம் பெருமையாகக் காட்டுவது, யாரோ ஒருவர் பயணத்தில் அவசரமாகக் கிறுக்கியதிலிருந்து பிறந்திருக்கிறது.

கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிம் ஹக் டாய் 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும், சகோதரர் ஜோசப் மெக்நேலி 1984இல் தொடங்கிய லாசால் கலைக் கல்லூரியும் தத்தம் பெயரோடும் வளாகத்தோடும் இருந்துகொண்டே, 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. "அங்கே நம்மவர்கள் யார் படித்திருக்கிறார்கள்?" என்று சித்தி கேட்டார். கலைஞர் எஸ். சந்திரசேகரன் நன்யாங்கில் படித்தவர். 1988இல் கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகியோரோடு சேர்ந்து அவர் நடத்திய 'திரிமூர்த்தி' கண்காட்சியை இந்நாட்டுக் கலை வரலாறு இன்றும் பேசுகிறது. மூன்று பண்பாடுகளிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் அவர்கள்.

தொடக்க மாதங்களில் பெரும்பாலும் அடிப்படைப் பயிற்சிகள்தாம் இருக்கும்: இருபது வினாடியில் ஓர் உருவம், தாளைப் பார்க்காமல் ஒரு கோடு, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை மட்டும் வரைதல். இப்படி அடிப்படைப் பயிற்சியோடு படிப்பைத் தொடங்குவது, 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் முதல்நிலை வகுப்பு உலகெங்கும் பரவச் செய்த வழக்கம். அங்கே கற்பித்த யோசப் ஆல்பர்ஸ் பிற்காலத்தில் புகழ்பெறச் செய்த பயிற்சி ஒன்றில், ஒரே வண்ணத்தாளை இரண்டு வேறு பின்னணிகளில் வைத்து, அது இரண்டு வண்ணங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். சேலையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஜாக்கெட் துணி பார்க்கும் சித்திக்கு இது ஏற்கெனவே தெரியும். உடலை வரையும் வகுப்பும் உண்டு, அதில் மாடல் ஆடையின்றி இருப்பார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அறையைப்போல அமைதியான, ஒழுங்கான அறையை நான் அதிகம் கண்டதில்லை.

தங்கைக்கு ஓவியத்தைவிட வடிவமைப்பில்தான் மனம் போகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் அவளிடம் இருக்கும் தமிழ் வீண்போகாது. வெளியேறும் வழியைக் காட்டும் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, சீனத்தில் இரண்டு, மலாயில் ஆறு. நமக்கோ 'வெளியேறும் வழி' என்று இரண்டு சொற்கள் வேண்டும். இடம் போதாதபோது முதலில் சுருக்கப்படுவது தமிழ்தான். ஆங்கிலத்துக்கென அமைத்த வரி இடைவெளியில் தமிழை ஓடவிட்டால், மேல்வரியில் இருக்கும் 'ழூ'வின் சுழி கீழ்வரியில் இருக்கும் 'சீ'யின் மேற்சுழியில் போய் இடிக்கும். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு வசதியை இயக்காமல் வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால், 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் தவறி நிற்கும். அறையில் இருக்கும் எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே அச்சுக்குப் போய், பின்பு நாமெல்லாம் அதைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிப் புலம்புவோம். புலம்புகிறவர்களில் ஒருத்தி அந்த மேசையில் உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வருமானத்தைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். படித்து முடித்த முதல் இரண்டு ஆண்டுகள் என் கணக்கில் ஒரு மாதம் பணம் இருந்தது, மறுமாதம் இல்லை. விளம்பரம், செயலி வடிவமைப்பு, விளையாட்டு, கண்காட்சி அமைப்பு, கற்பித்தல் என்று வேலைகள் பல திசைகளில் இருக்கின்றன. ஆனால் பொறியியல் படித்தவருக்கு அமைவதைப்போல நேரான படிக்கட்டு இதில் இல்லை. இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டாள், மனம் மாறவில்லை.

நேர்முகத்துக்கு முன் அவள் தன் படைப்புகளைத் தொகுக்க வேண்டும். நன்றாக வந்த பத்துப் படங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மற்றவற்றைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னாள். தயவுசெய்து அதைத் தடுத்து நிறுத்துங்கள். அடித்துத் திருத்திய பக்கங்கள், பாதியில் விட்டவை, வீட்டுப் பூனையை நாற்பது முறை வரைந்த அந்த நீல அட்டைப் புத்தகம் எல்லாம் இருக்கட்டும். தேர்வு செய்பவர்கள் அவற்றைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். பொருள்கள் வைக்கும் உங்கள் காப்பறையில் பழைய கருவிப்பெட்டிகளுக்கு மேலே இருக்கும் அலமாரித் தட்டு ஒன்றை மட்டும் காலிசெய்து வையுங்கள், பெரிய தாள்களை மடிக்காமல் வைக்க இடம் வேண்டும். அந்த நீலப் புத்தகத்தை நீங்களும் எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்ட வேண்டும், சித்தப்பா. எந்தப் பக்கத்தில் பூனை பூனையாகிறது என்று உங்களிடம் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்